மைனஸ் ஒன்று எங்கே போனது?

கல்லூரி முதலாண்டு இயற்பியல் கணக்குகளில் தடுக்கி விழுபவர்கள் சூத்திரம் தெரியாதவர்கள் அல்ல. மனப்பாடமாகத் தெரிந்தவர்கள்தான்.

ஒரு பெட்டி தரையில் கிடக்கிறது. நிறை 10 கிலோ. பெட்டிக்கும் தரைக்கும் இடையே ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5. ஒருவர் அதைக் கிடைமட்டமாக 30 நியூட்டன் விசையுடன் தள்ளுகிறார். பெட்டி மீது செயல்படும் உராய்வு விசை எவ்வளவு?

பிளஸ் டூவில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிவிட்டு பி.எஸ்ஸி.யிலோ பி.டெக்.கிலோ சேர்ந்திருக்கும் மாணவர் பேனாவை எடுத்த உடனே பெருக்குவார். 0.5 பெருக்கல் 10 பெருக்கல் 9.8. விடை 49 நியூட்டன். அடிக்கோடு போட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். தள்ளுவது 30, தடுப்பது 49 என்றால் மிச்சம் 19 நியூட்டன் என்ன செய்யும்? பெட்டி தன்னைத் தள்ளியவரையே திருப்பித் தள்ளிக்கொண்டு வர வேண்டும். அப்படி எந்தப் பெட்டியும் யாரையும் துரத்தியதில்லை.

சரியான விடை 30 நியூட்டன். பெருக்க வேண்டியது எதுவுமில்லை. பெட்டி நகரவில்லை என்றால் தள்ளும் விசையும் தடுக்கும் விசையும் சமம், அவ்வளவுதான். 49 என்பது உராய்வு அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்ற உச்சவரம்பு. வங்கி மேனேஜருக்கு 49 லட்சம் வரை கடன் கொடுக்க அதிகாரம் உண்டு என்பதற்காக, 30 லட்சம் கேட்டு வந்தவருக்கு அவர் 49 கொடுத்து அனுப்புவதில்லை. அதே பெட்டியை 60 நியூட்டன் விசையுடன் தள்ளினால் கதை மாறும். வரம்பு உடைந்து பெட்டி நகரும். இயக்க உராய்வுக் குணகம் 0.4 என்று வைத்துக்கொண்டால் தடுப்பது 39.2 நியூட்டன், மிச்சமுள்ள 20.8 நியூட்டன் பெட்டியை முடுக்கும். முடுக்கம், விநாடிக்கு விநாடி 2.08 மீட்டர். இங்கேதான் பெருக்கலுக்கு வேலை.

இது சோம்பேறியின் தவறல்ல. நன்றாகப் படித்தவரின் தவறு. அதனால்தான் ஆசிரியர்களுக்கு இது பெரிய தலைவலி.

ஐ.ஐ.டி.க்களில் முதலாண்டு இயற்பியல் இரண்டு இடங்களில் நடக்கிறது. பெரிய கூடத்தில் நூற்றுக்கணக்கானோருக்கு விரிவுரை. பிறகு சிறு குழுக்களாகப் பிரிந்து டுடோரியல். கணக்குத் தாள் முன்கூட்டியே கையில் தரப்படும். முயன்று பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது விதி. முந்தைய இரவு விடுதியில் ஒருவர் போட்ட கணக்கு பத்து நோட்டுகளுக்குப் பரவுவது நடைமுறை. பல்கலைக்கழகத்துடன் இணைந்த சாதாரணக் கல்லூரிகளில் இந்த வம்பே கிடையாது. பருவத் தேர்வில் பெரும்பாலும் கேட்கப்படுவது ‘வருவி’, ‘விளக்கு’, ‘குறிப்பு வரைக’. கணக்கு என்று ஒன்றிரண்டு வந்தாலும் சாய்ஸில் விட்டுவிடலாம். ஒரே ஒரு கணக்கைக்கூடச் சொந்தமாகப் போடாமல் இயற்பியல் பட்டம் வாங்குவது இந்த நாட்டில் சாத்தியம். பள்ளியில் பாடம் நடத்தப் போகிறவர்களில் பலரும் அந்தப் பட்டத்துடன்தான் போகிறார்கள்.

இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே ஒரு பாலம் போட முயன்றவர் எச்.சி. வர்மா. பீகாரின் தர்பங்காவில் பிறந்தவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு, 1980-ல் தான் படித்த பாட்னா சயன்ஸ் காலேஜுக்கே ஆசிரியராகத் திரும்பினார். அப்போது முதலாண்டு மாணவர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டவை அமெரிக்கப் புத்தகங்கள். குறிப்பாக 1960-ல் முதலில் வெளியான ரெஸ்னிக் - ஹாலிடே. அருமையான புத்தகம்தான். ஆனால் கிராமத்துப் பள்ளியில் ஹிந்தி வழியில் படித்துவிட்டு வரும் பையன் அதன் ஆங்கிலத்தில் சிக்கிக்கொள்வான். அதில் வரும் பேஸ்பால் பந்தையும் ஸ்கேட்டிங் தளத்தையும் அவன் பார்த்ததே கிடையாது. வர்மா எழுதிய ‘கான்செப்ட்ஸ் ஆஃப் ஃபிசிக்ஸ்’ 1992-ல் பாட்னாவின் பாரதி பவன் வெளியீடாக வந்தது. இரண்டு பாகம், 47 அத்தியாயம். சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்கள். போட்டுக் காட்டிய கணக்குகள், அப்புறம் யோசிக்க வைக்கும் சிறு கேள்விகள், அதன் பிறகே பயிற்சிக் கணக்குகள். பயிற்சிக் கணக்குகளுக்கு விடை மட்டும்தான் உண்டு, வழி கிடையாது. நாடு முழுவதும் நுழைவுத் தேர்வு மாணவர்களின் மேஜையில் இந்தப் புத்தகம் இடம்பிடித்தது. 1994-ல் கான்பூருக்கே பேராசிரியராகப் போன வர்மா, 2017-ல் ஓய்வு பெற்றார். 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அதே மேஜையில் இன்னொரு புத்தகமும் இருக்கும். மாஸ்கோவின் மீர் பதிப்பகம் வெளியிட்ட இரோடோவ். சுமார் 1900 கணக்குகள். இரண்டே வரியில் கேட்கப்படும். இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுக்கும். சோவியத் மானியத்தில் மலிவாகக் கிடைத்துவந்த இந்தப் புத்தகம், 1991-ல் சோவியத் யூனியன் சிதறிய பிறகும் இந்தியப் பதிப்புகளாக உயிருடன் இருக்கிறது. வர்மாவும் சரி, இரோடோவும் சரி, வழி சொல்லாமல் விட்டதை ஈடுகட்ட ‘விடை விளக்க’ நூல்கள் சந்தையில் குவிந்தன. ஆசிரியர் வேண்டுமென்றே பூட்டி வைத்த கதவுக்கு, கடைக்காரர் சாவி விற்றார்.

மொழி விஷயம் வர்மா நினைத்ததைவிடவும் ஆழமானது. இயற்பியல் கணக்கில் வரும் ஆங்கிலம் உண்மையில் ஆங்கிலமே அல்ல, ஒரு சங்கேத மொழி. ‘ஸ்மூத்’ என்று மேஜையைச் சொன்னால் வழுவழுப்பான மேஜை என்று அர்த்தமில்லை. உராய்வே இல்லை என்று அர்த்தம். ‘லைட்’ கயிறு என்றால் நிறையைக் கணக்கில் எடுக்காதே என்று உத்தரவு. அதனால் கயிற்றின் இரு முனையிலும் இழுவிசை ஒன்றே. ‘ஜஸ்ட்’ நகர ஆரம்பிக்கிறது என்ற ஒற்றைச் சொல்லில்தான் மேலே பார்த்த 49 நியூட்டன் உச்சவரம்பு ஒளிந்திருக்கிறது. இந்தச் சொற்களை அகராதியில் தேடினால் கிடைக்காது. ஆங்கில வழியில் படித்த நகரத்து மாணவருக்கும் யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அவருக்குக் கேட்கத் துணிவிருக்கும். மற்றவர் தன் ஆங்கிலம்தான் மோசம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருப்பார்.

தாய்மொழிக்கு மாறிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. தமிழ்ப் பாடநூலில் ‘வேகம்’ என்றால் திசை இல்லாத வெறும் வேகம். திசையும் சேர்ந்தால் ‘திசைவேகம்’. ஹிந்திப் பாடநூலில் நேர் எதிர். அங்கே ‘வேக்’ என்றால் திசையுடன் கூடியது. திசை இல்லாததற்கு ‘சால்’ என்று பெயர். ஒரே வடமொழிச் சொல் சென்னையில் ஒன்றையும் பாட்னாவில் இன்னொன்றையும் குறிக்கிறது. டில்லியில் ஒரே பெஞ்சில் உட்காரும் தமிழ்ப் பையனும் பீகார் பையனும் இதைக் கவனிக்காமலே சண்டை போடலாம். ‘எடை’ இன்னும் மோசம். மளிகைக் கடையில் எடை 10 கிலோ. இயற்பியல் வகுப்பில் 10 கிலோ என்பது நிறை. எடை 98 நியூட்டன். லிஃப்டில் ஏறினால் எடை காட்டும் கருவி கூட்டியும் குறைத்தும் சொல்கிறது, நிறை அப்படியே இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள, முதலில் கடைக்காரரின் சொல்லிலிருந்து விடுபட வேண்டும்.

இது இந்தியாவின் நோய் மட்டுமல்ல. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹலூன், ஹெஸ்டனெஸ் என்ற இருவர் 1985-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இயக்கவியல் பாடத்தை முடித்துத் தேர்விலும் தேறிய மாணவர்கள், விசை பற்றிய சாதாரணக் கேள்விகளுக்கு நியூட்டனுக்கு முந்தைய காலத்தவர்போல் பதில் சொன்னார்கள். தொடர்ந்து நகர வேண்டுமானால் தொடர்ந்து தள்ள வேண்டும் என்ற நம்பிக்கை, பாடம் நடத்திய பிறகும் அசையாமல் இருந்தது. ஹார்வர்டில் பாடம் நடத்திய எரிக் மஸூர், தன் மாணவர்கள் அப்படி இருக்க மாட்டார்கள் என்று நம்பி அதே கேள்விகளைக் கொடுத்தார். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுத வேண்டுமா, நாங்கள் நினைக்கிறபடி எழுத வேண்டுமா என்று ஒரு மாணவி கேட்டது அவரைத் திகைக்க வைத்தது. பிறகு மின்சுற்றில் இரண்டு கேள்விகள் கொடுத்துப் பார்த்தார். ஒன்றில் எண்களும் நீண்ட சமன்பாடுகளும். இன்னொன்றில் ஒரு சுவிட்சைப் போட்டால் எந்த பல்ப் பிரகாசமாகும், எது மங்கும் என்ற கேள்வி, எண்ணே கிடையாது. நீண்ட சமன்பாட்டை ஊதித் தள்ளியவர்கள் பல்பில் தோற்றார்கள்.

நிறையப் போட்டால் தானாக வந்துவிடும் என்பது கோட்டாவிலிருந்து ஹைதராபாத் வரை பயிற்சி மையங்கள் சத்தியம் செய்கிற சங்கதி. இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் கொரியர்கள். அங்கேயும் நுழைவுத் தேர்வு வெறி நமக்குச் சளைத்ததல்ல. கிம், பாக் என்ற இரு ஆய்வாளர்கள் 27 கல்லூரி மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். பல்கலைக்கழகத்துக்கு வரும் முன் இவர்களில் ஒவ்வொருவரும் போட்டிருந்த கணக்குகள் 300-லிருந்து 2900 வரை. சராசரி சுமார் 1500. 2002-ல் வெளியான முடிவு: ஆயிரம் கணக்குகளைத் தாண்டியவர்களிடமும் அடிப்படைக் குழப்பங்கள் அப்படியே இருந்தன. போட்ட கணக்குகளின் எண்ணிக்கைக்கும் புரிதலுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு இல்லை.

காரணம் என்ன? அதற்குப் பாதி விடை 1981-லேயே கிடைத்துவிட்டது. பிட்ஸ்பர்கில் மிஷலீன் சீ குழுவினர், ஹாலிடே - ரெஸ்னிக் புத்தகத்திலிருந்து எடுத்த கணக்குகளை அட்டைகளில் எழுதி, போடச் சொல்லாமல், வகை பிரிக்க மட்டும் சொன்னார்கள். புதிய மாணவர்கள் சாய்தளக் கணக்கெல்லாம் ஓரிடம், ஸ்பிரிங் கணக்கெல்லாம் ஓரிடம், கப்பிக் கணக்கெல்லாம் ஓரிடம் என்று அடுக்கினார்கள். ஆராய்ச்சி மாணவர்களோ, சாய்தளத்தையும் ஸ்பிரிங்கையும் ஒரே கட்டில் வைத்தார்கள்: இரண்டுமே ஆற்றல் அழிவின்மைக் கணக்கு. ஒருவர் படத்தைப் பார்க்கிறார். மற்றவர் படத்துக்குப் பின்னால் உள்ளதைப் பார்க்கிறார். படத்தைப் பார்த்தே ஆயிரம் போட்டவர், ஆயிரத்தோராவது படம் கொஞ்சம் மாறி வந்தால் விழிக்கிறார்.

நம் தேர்வு முறையும் தன் பங்கைச் செய்திருக்கிறது. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வின் முக்கியத் தாளில் 2005 வரை கணக்கை விரிவாக எழுதிக் காட்ட வேண்டும். படம் போட வேண்டும், வழி சொல்ல வேண்டும். 2006 முதல் கொள்குறி வகை மட்டுமே. லட்சக்கணக்கானோரின் தாளைக் கையால் திருத்த முடியாது என்ற நியாயம் இருக்கிறது. ஆனால் அதன் பின்விளைவு டுடோரியல் அறையில் தெரிகிறது: முழுப்பக்கம் தர்க்கமாக எழுதிப் பழகாத, ஆனால் நான்கில் ஒன்றை மின்னல் வேகத்தில் தேர்ந்தெடுக்கும் கைகள்.

சொந்தமாகப் போடுகிறவர் என்ன செய்கிறார்? முதலில் படம். உலகத்திலிருந்து அந்த ஒரு பொருளை மட்டும் கத்தரித்து எடுத்து, அதைத் தொடுகிற ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் இழுக்கிறது, தள்ளுகிறது என்று அம்புக்குறி போடுவது. கூடவே புவியீர்ப்பு. வேறெதற்கும் இடமில்லை. பல கணக்குகள் இந்தப் படத்திலேயே முடிந்துவிடும். ஒரு மேஜை மீது ஸ்பிரிங் தராசு படுத்திருக்கிறது. இரு முனையிலும் கயிறு. கயிறுகள் மேஜையின் இரு ஓரங்களிலும் உள்ள கப்பிகள் வழியாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் 5 கிலோ. தராசு என்ன காட்டும்? வகுப்பில் பாதிப்பேர் பூஜ்யம் என்பார்கள், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறதாம். மீதிப்பேர் 10 என்பார்கள். விடை 5 கிலோ. ஒரு பக்கத்து எடையைக் கழற்றிவிட்டு அந்தக் கயிற்றைச் சுவரில் கட்டிப் பாருங்கள். தராசுக்கு வித்தியாசம் தெரியாது. தராசு கூரையிலிருந்து தொங்கும்போது கூரை செய்கிற அதே வேலையைத்தான் இந்த இரண்டாவது 5 கிலோ செய்துகொண்டிருந்தது.

அடுத்தது, விடை வந்த பிறகு செலவிடுகிற இரண்டு நிமிடம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில், விநாடிக்கு விநாடி 0.5 மீட்டர் வீதம் வேகம் குறைந்து நிற்கிறது. எவ்வளவு தூரம் ஓடும்? 72-ஐ விநாடிக்கு 20 மீட்டர் என்று மாற்றிப் போட்டால் 400 மீட்டர். மாற்ற மறந்து 72-ஐ அப்படியே போட்டால் 5184 மீட்டர். பிரேக் போட்ட ரயில் அடுத்த ஸ்டேஷனையும் தாண்டி நிற்கும். இதைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவருக்குத் தவறு தானாகவே தெரிந்துவிடும். கப்பியின் இருபுறமும் தொங்கும் இரண்டு எடைகளின் முடுக்கத்துக்குச் சூத்திரம் கண்டுபிடித்தாயா? இரண்டும் சமம் என்று வைத்துப் பார். பூஜ்யம் வர வேண்டும். ஒன்று இல்லவே இல்லை என்று வை. மற்றது தடையின்றி விழ வேண்டும். வராவிட்டால் புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டவே தேவையில்லை, விடை தவறு.

இன்று பின்பக்கத்தைப் புரட்டுவதும் பழங்கதை. கைபேசியில் கணக்கைப் படம் பிடித்தால் செயற்கை நுண்ணறிவுச் செயலி படிப்படியாக வழி எழுதித் தருகிறது, கேட்டால் தமிழிலும் ஹிந்தியிலும். வர்மாவின் பாட்னா மாணவனுக்கு 1980-ல் இது கிடைத்திருந்தால் சங்கேத மொழியை உடைத்துக் காட்டியிருக்கும். அந்த வகையில் வரமே. ஆனால் விடுதியில் பத்து நோட்டுக்குப் பரவிய கணக்கையாவது ஒருவர் போட்டிருந்தார். இப்போது அந்த ஒருவரும் தேவையில்லை. வீட்டுக்கணக்குக்கு மதிப்பெண் கொடுத்துவந்த ஆசிரியர்கள் அந்த மதிப்பெண் யாருக்குப் போகிறது என்று தெரியாமல் விழிக்கிறார்கள். வகுப்பிலேயே, பேனாவும் தாளுமாக, கண்ணெதிரே போடச் சொல்வது மீண்டும் பழக்கத்துக்கு வருகிறது.

அப்படிப் போடச் சொல்ல ஏற்ற ஒரு பழைய கணக்கு. 20 மீட்டர் உயர மாடியின் விளிம்பிலிருந்து ஒரு கல் செங்குத்தாக மேலே, விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் எறியப்படுகிறது. எப்போது தரையைத் தொடும்? புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால் இருபடிச் சமன்பாடு வரும். அதற்கு இரண்டு விடை. 4, மற்றும் மைனஸ் 1. எல்லோரும் 4 விநாடி என்று எழுதிவிட்டு மைனஸ் ஒன்றை அடித்துவிடுவார்கள். காலம் எதிர்மறையாக இருக்க முடியாது என்று ஒரு வரி எழுதினால் முழு மதிப்பெண். கல் எறிவதற்கு முன்னால் நடந்ததைக் கணக்கு கேட்கவில்லை என்பதால் அடித்தது சரிதான். சொன்ன காரணம் சரியில்லை. சமன்பாட்டுக்கு மாடியில் நின்றவரைத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கல்லின் பாதை. இந்தக் கல்லையே ஒரு விநாடி முன்னால், தரையிலிருந்து, விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் யாரோ மேலே எறிந்திருந்தால், அது மாடி விளிம்பைக் கடக்கும்போது வேகம் சரியாக 15 இருந்திருக்கும். மைனஸ் ஒன்று என்பது அந்த நொடி.

மைனஸ் ஒன்றை அடிக்காமல் வைத்திருப்பவருக்கு அடுத்த கணக்கு இலவசம். அதே மாடி, அதே 15 மீட்டர் வேகம். ஆனால் கல்லை நேராகக் கீழே எறிகிறார்கள். போட்டுப் பார்த்தால் விடைகள் 1, மற்றும் மைனஸ் 4. அதே எண்கள், குறி மட்டும் இடம் மாறியிருக்கிறது. மேலே எறிந்த கல் மூன்று விநாடி கழித்து மாடி விளிம்புக்கே திரும்பி வருகிறது, அதே 15 மீட்டர் வேகத்தில், கீழ்நோக்கி. அங்கிருந்து தரைக்கு ஒரு விநாடி. இரண்டு கல்லும் தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 25 மீட்டர்.